கொத்து, கணு, பொருள்: எல்லைப்புறத்தில் ஒரு சொல்வரலாறு

தொரப்பள்ளியில் ஒரு வேர்

ஓசூருக்கு அணித்தே உள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் 1878 ஆம் ஆண்டு பிறந்தவர் மூதறிஞர் இராஜாஜி. விடுதலைப் போராட்டத் தலைவர், தலைமை ஆளுநர், முதலமைச்சர், இராமாயணத்தையும் பாரதத்தையும் எளிய தமிழில் தந்த எழுத்தாளர் என்றெல்லாம் அவரை நாடறியும். ஆனால், சேலத்தில் வழக்கறிஞராக விளங்கிய நாளில், 1916 ஆம் ஆண்டு, அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே அவர் ஒரு சங்கத்தை நிறுவினார் என்பது அத்துணைப் பரவலாக அறியப்பெறாத செய்தி. தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம் ஆகிய துறைகளுக்கு அச்சங்கம் சொல் தேடிற்று. அந்நாளில் ஓசூர் வட்டமும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. தமிழ்க் கலைச்சொல் வரலாற்றின் வேர்களுள் ஒன்று இந்த எல்லைப்புறத்து மகன் ஒருவரால் ஊன்றப்பெற்றது எனல் மிகையன்று.

அச்சங்கம் தோன்றி எழுபது ஆண்டுகள் கழிந்தபின், ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர்த் தொலைவிலுள்ள பெங்களூரில், இந்திய நாடு அதுவரை காணாத ஒரு கணக்கிடும் பொறி உருவாயிற்று. அதன் பின்னே புதுச்சொற்கள் அணிவகுத்தன. கிளஸ்டர், நோடு, கோர், திரெட், லேட்டன்சி எனப் பொறியாளர் நாவில் அவை புழங்கின. இச்சொற்கள் எப்படிப் பிறந்தன? தமிழில் எவ்வடிவம் கொண்டன? அவற்றுள் எவை வாழும்? இவ்வினாக்களுக்கு விடை காண, பொறியின் வரலாற்றையும் சொல்லின் வரலாற்றையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

புதிய ஊரும் பழைய மொழிகளும்

கன்னடத்தில் 'ஹொச' என்றால் புதியது. 'ஊரு' என்றால் ஊர். புதிய ஊரே ஓசூர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே சந்தையில் ஒலிக்கும் நிலம் இது. இங்கே சொற்கள் எல்லை தாண்டுவது புதுமையன்று, நாள்தோறும் நிகழ்வது.

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை இங்கே கால்கொண்டது. 1980இல் அசோக் லேலண்டு ஆலை இயங்கத் தொடங்கிற்று. அதே ஆண்டில் இவ்வூரிலிருந்து டி.வி.எஸ். 50 சாலைக்கு வந்தது. 1984இல் தோன்றிய டைட்டன் நிறுவனம் தன் கைக்கடிகார ஆலையை இங்கு அமைத்தது. எல்லைக்கு அப்பால், பெங்களூர்ச் சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டி வளர்ந்தது. 2004 பிப்ரவரித் திங்களில் தருமபுரியினின்றும் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, ஓசூர் அதன் பெருந்தொழில் நகராக விளங்கிற்று.

ஆலைகள் வந்தபோது பொருளோடு சொல்லும் வந்தது. லேத், ஜிக், டை, ஷிப்ட் என்பவை உழவர் வீட்டுப் பிள்ளைகளின் அன்றாடச் சொற்களாயின. பொருள் எங்கிருந்து வருகிறதோ, பெயரும் அங்கிருந்தே வரும் என்பது மொழியின் பொதுவிதி. அவ்விதியை வெல்வதற்கு அகராதி மட்டும் போதாது. அப்பொருளைக் கையாள்வோர் அதைப் பற்றித் தம் மொழியில் பேச வேண்டும். கணிப்பொறிக் கொத்தின் வரலாறு இவ்வுண்மைக்கு ஒரு சான்று.

காற்றைக் கூறுபோட்ட பொறி

பெங்களூரில் உள்ள தேசிய வானூர்தி ஆய்வகத்திற்கு அந்நாளில் ரொத்தம் நரசிம்மா இயக்குநர். வானூர்தியின் சிறகைச் சுற்றிக் காற்று எவ்வாறு ஓடும் என்பதைக் கணக்கிட வேண்டிய கடமை ஆய்வகத்திற்கு இருந்தது. அத்தகைய கணக்கு ஒரு சிறு பொறியால் முடிவதன்று. யு.என். சின்ஹா தலைமையிலான குழுவினர், நான்கு எளிய இன்டெல் நுண்செயலிகளை ஒன்றுசேர்த்து ஒரு பொறியை அமைத்தனர். 1986 டிசம்பரில் அது இயங்கத் தொடங்கிற்று. 'பிளோசால்வர்' என்பது அதன் பெயர். ஓட்டத்தின் புதிரை அவிழ்ப்பது என அதற்குப் பொருள் கொள்ளலாம். இந்தியாவின் முதல் இணைச் செயற்பாட்டுக் கணிப்பொறி இதுவே.

அதன் செயல்முறை எளிது. சிறகைச் சுற்றியுள்ள வெளியைச் சிறுசிறு கட்டங்களாகப் பகுத்தனர். கட்டங்களின் ஒரு பகுதியை ஒரு செயலிக்கும் மற்றொரு பகுதியைப் பிறிதொரு செயலிக்குமாகப் பங்கிட்டனர். ஒவ்வொரு செயலியும் தன் பங்கைத் தானே கணக்கிடும். ஆயினும் காற்று, கட்டத்தின் கோட்டோடு நின்றுவிடுவதில்லை. அண்டைக் கட்டத்துக்கும் பாய்கிறது. ஆகவே ஒவ்வொரு படியிலும் செயலிகள் தத்தம் எல்லையோரத்து எண்களை அண்டைச் செயலியோடு பரிமாறிக்கொள்ள வேண்டும். உள்நாட்டில் தன்னாட்சி, எல்லையில் ஓயாத கொடுக்கல் வாங்கல். ஓசூர் மக்களுக்கு இதை விளக்க வேறு உவமை வேண்டா. அவர்தம் வாழ்வே உவமை. இம்முறைக்கு 'இணைச் செயற்பாடு' என்று தமிழில் பெயர் அமைந்தது. ஒன்றோடொன்று இணையாக ஓடுவது, ஒன்றோடொன்று இணைந்து ஓடுவது என இரு பொருளும் அச்சொல்லில் அடங்கிற்று. ஆங்கிலச் சொல்லுக்கு முதற்பொருள் மட்டுமே உண்டு. தமிழாக்கம் சிலபோழ்து மூலத்தை விஞ்சும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மறுப்பும் பரமும்

அக்காலத்தில் மீக்கணிப்பொறி என்றால் அமெரிக்காவின் 'கிரே' என்றே பொருள். பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்திற்காக உயர்திறன் வாய்ந்த கிரே பொறி ஒன்றை இந்தியா கேட்டது. படைக்கலத் துறைக்கும் அது பயன்படக்கூடும் என்று கூறி அமெரிக்கா மறுத்தது. பருவமழையைக் கணிக்கும் பணிக்காக அதனினும் சிறிய பொறியொன்று தில்லிக்கு மட்டும் இசையப்பெற்றது.

மறுப்பு ஒரு முயற்சிக்கு வித்தாயிற்று. 1988இல் புணேயில் சி-டாக் நிறுவனம் விஜய் பட்கர் தலைமையில் பணி தொடங்கியது. மூன்று ஆண்டு, முப்பது கோடி ரூபாய் என்பது அதற்கு வகுக்கப்பெற்ற எல்லை. 1991இல் 'பரம் 8000' வெளிவந்தது. பெரியதொரு செயலியைப் பெற வழியில்லாத நிலையில், பிரிட்டனில் செய்யப்பெற்ற டிரான்ஸ்பியூட்டர் என்னும் சிறு செயலிகள் பலவற்றைப் பிணைத்து அதனை ஆக்கினர். 'பரம்' என்பது மேலானது எனப் பொருள்படும் வடசொல். இணைப்பொறி என்பதற்கான ஆங்கிலத் தொடரின் குறுக்கமும் ஆகும்.

இக்காலத்தில் இரு சொற்கள் முதன்மை பெற்றன. செயலிகள் அனைத்தும் ஒரே நினைவகத்தை நோக்கி எழுதியும் படித்தும் வந்தால் அது 'பகிர்ந்த நினைவகம்'. ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி நினைவகம் இருந்து, வேண்டியதைக் கேட்டுப் பெற்றால் அது 'பரவல் நினைவகம்'. முன்னது கூட்டுக்குடும்பத்தின் ஒரே பத்தாயம். பின்னது பாகம் பிரிந்த உடன்பிறந்தாரின் தனித்தனிக் குதிர்கள். பிரிந்தவர் ஒருவரிடம் ஒருவர் ஆளனுப்பிக் கேட்க வேண்டும். அவ்வாறு ஆளனுப்புவதே 'செய்திப் பரிமாற்றம்'. அதற்கான பொதுநெறி 1994இல் வகுக்கப்பெற்று, இன்றும் உலகெங்கும் கைக்கொள்ளப்படுகிறது.

காவியம் தந்த பெயர்

'கிளஸ்டர்' என்னும் சொல்லை 1980களில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் தன் வாக்ஸ் கணிப்பொறிகளின் கூட்டமைப்புக்குச் சூட்டியது. எனினும் அச்சொல்லை எளியோர்க்கும் உரியதாக்கியது 1994 ஆம் ஆண்டு. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் காடர்டு மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்டு பெக்கர் ஆகிய இருவரும், கடையில் கிடைக்கும் சாதாரணக் கணிப்பொறிகள் பதினாறை எளிய கம்பி வலையால் பிணைத்து, இலவசமாகக் கிடைத்த லினக்ஸ் மென்பொருளை ஏற்றி, பெரும்பொறிக்குரிய வேலையை வாங்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'பேவுல்ஃப்'. பழைய ஆங்கிலக் காவியத்தின் தலைவன் பெயர் அது. முப்பது ஆடவரின் வலிமை அவன் ஒருவன் கைப்பிடியில் இருந்ததாகக் காவியம் கூறும். பலரின் ஆற்றல் ஒன்றில் திரளும் பொறிக்கு இதனினும் பொருந்தும் பெயர் கிடைத்தலரிது. பொறியியலார் பெயர் தேடியபோது கவிஞனின் வாயிலில்தான் வந்து நின்றனர் என்பது புலவர் பெருமக்கள் கருதத்தக்கது.

இனிச் சொற்களைக் காண்போர்க்குத் தமிழின் வளம் புலப்படும். கிளஸ்டர் என்பதற்குத் தமிழர் 'கொத்து' என்றனர். பூங்கொத்து, சாவிக்கொத்து என வழங்கும் சொல். தனித்தனியே நின்றாலும் ஒரு காம்பில் கூடியவை என்னும் பொருள் அதில் உண்டு. கொத்தின் உறுப்பாகிய ஒவ்வொரு கணிப்பொறியும் 'நோடு'. இலத்தீனில் முடிச்சு என்னும் பொருளுடைய சொல்லின் வழிவந்தது அது. தமிழில் 'கணு' என்றனர். மூங்கிலிலும் கரும்பிலும் கணு உண்டு. தண்டு தொடர்ந்து சென்றாலும் அங்கே ஒரு நிலை. அங்கிருந்தே கிளையும் முளையும். ஒரு செயலியினுள் தனித்தனியே கணக்கிட வல்ல பகுதி 'கோர்'. தமிழில் 'உள்ளகம்' எனப்பெறும். ஒரு நிரலினுள் ஒருங்கே ஓடும் செயற்கோவை 'இழை'. பட்டுக்கூடு விளையும் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதியினர்க்கு இழையைப் பற்றி எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை.

உள்ளகம், கணு, கொத்து ஆகிய மூன்றின் உறவை வாழை காட்டும். காய் பல சேர்ந்தது சீப்பு. சீப்புப் பல சேர்ந்தது தாறு. உள்ளகங்கள் சேர்ந்தது கணு. கணுக்கள் சேர்ந்தது கொத்து. கூட்டத்தின் ஒவ்வொரு படிக்கும் தனிப்பெயர் வைத்த மொழி இது. புதுப்பொறியின் படிநிலைகளுக்குப் பெயர் வைக்க அது திணறவேண்டியதில்லை.

கொத்தின் வாயிலில் நிற்பது 'தலைமைக் கணு'. பயனர் அனைவரும் அதனிடமே தம் பணியை ஒப்படைப்பர். அது தானே பெருங்கணக்குகளைச் செய்வதில்லை. பணிகளை 'வரிசை'யில் நிறுத்தி, எந்தக் கணு ஒழிந்திருக்கிறது எனப் பார்த்துப் பங்கிட்டு அனுப்பும். கட்டட வேலையில் மேஸ்திரி செய்வது இதுவே.

சாவடியும் சாறும்

கணுக்களுக்கிடையே செய்தி செல்லும் வழி 'பிணையம்'. அதன் தரத்தை இரு அளவுகளால் மதிப்பிடுவர். ஒரே நேரத்தில் எவ்வளவு செய்தி செல்லும் என்பது 'பட்டையகலம்'. அனுப்பிய செய்தி சென்று சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பது 'சுணக்கம்'. இவ்விரண்டும் வேறு வேறு என்பதைப் புதியோர் எளிதில் உணர்வதில்லை. எல்லைப்புறத்தார் உணர்வர். 2017இல் சரக்கு-சேவை வரி வந்து மாநில எல்லைகளின் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் நீங்கும்வரை, ஜூஜுவாடியிலும் அத்திப்பள்ளியிலும் சரக்குந்துகள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தன. சாலையின் அகலம் பட்டையகலம். சாவடியில் நின்ற நேரம் சுணக்கம். சாலையை எத்துணை அகலமாக்கினாலும் சாவடியில் நிற்கும் நேரம் குறையாது. சிறுசிறு செய்திகளை அடிக்கடி பரிமாற வேண்டிய கணக்குகளில், சுணக்கமே கொத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும்.

கணுக்களைப் பெருக்கிக்கொண்டே போனால் வேகமும் பெருகிக்கொண்டே போகுமா? போகாது என்று 1967இலேயே ஜீன் ஆம்டால் என்னும் அமெரிக்கப் பொறியாளர் எடுத்துரைத்தார். அதனைக் கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலையைக் கொண்டு விளக்கலாம். ஒரு சுமை மாம்பழத்தைக் கழுவித் தோல் நீக்கிக் கொட்டை பிரிக்க ஒருவருக்கு 9 மணி நேரம் ஆகிறது என்று கொள்க. பின்னர் அதனை ஒரே கொப்பரையில் காய்ச்ச 1 மணி நேரம். ஒருவரே செய்தால் 10 மணி. ஒன்பது பேர் அமர்ந்தால் முதல் வேலை 1 மணியில் முடியும். மொத்தம் 2 மணி. தொண்ணூறு பேர் அமர்ந்தால் 1 மணி 6 நிமிடம். தொள்ளாயிரம் பேர் அமர்ந்தாலும் 1 மணிக்குக் கீழ் இறங்காது. கொப்பரை ஒன்றே அன்றோ! பங்கிட இயலாத பகுதியே முழுவேலையின் விரைவுக்கு வரம்பு கட்டும். ஆம்டால் விதி என்பது இதுதான். ஆள் பெருக்குவதினும் வேலையைப் பகுக்கும் அறிவே பெரிது என்பது இதனால் விளங்கும்.

கப்ருவும் பொருளும்

தமிழ்நாட்டில் இவ்வரலாறு சென்னையில் ஒரு திருப்பம் கண்டது. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயற்பியலார், அணுக்கருத் துகள்களைப் பிணைக்கும் விசையைக் கணக்கிட விரும்பினர். காலத்தையும் வெளியையும் கட்டங்களாகப் பகுத்துச் செய்யும் கணக்கு அது. இதற்கென 144 கணுக்களைக் கொண்ட லினக்ஸ் கொத்து ஒன்றை அவர்கள் எழுப்பினர். ஒவ்வொரு கணுவிலும் இரண்டு செயலிகள். இமயத்து மலைமுடி ஒன்றின் பெயரால் 'கப்ரு' எனப் பெயரிட்டனர். 2004 ஜூன் மாதத்து உலக மீக்கணிப்பொறிப் பட்டியலின் ஐந்நூறில் அது இடம்பெற்றது. விலைகொடுத்து வாங்கிய பெருநிறுவனப் பொறியன்று. சிறு கணிப்பொறிகளை அறிவால் கோத்துச் செய்தது.

இவ்வகைப் பொறிகளின் ஆற்றலை, ஒரு நொடியில் அவை செய்யும் புள்ளியெண் கணக்குகளின் தொகையால் அளப்பர். நொடிக்கு ஒரு இலட்சம் கோடிக் கணக்கு என்பது ஒரு 'டெராபிளாப்'. கப்ருவின் ஆற்றல் ஏறத்தாழ அந்த அளவினது. அத்தகைய ஆயிரம் சேர்ந்தது ஒரு 'பெட்டாபிளாப்'. 2015இல் இந்திய அறிவியல் கழகத்தில் நிறுவப்பெற்ற 'சகஸ்ரட்' என்னும் பொறியின் பெயரிலேயே ஆயிரம் டெரா அடங்கியுள்ளது. அப்பொறி கிரே நிறுவனத்தினது என்பதையும் குறிப்பிடல் வேண்டும். முப்பதாண்டுகளுக்கு முன் எந்தக் கழகத்திற்கு எந்தப் பெயருடைய பொறி மறுக்கப்பெற்றதோ, அங்கேயே அது வந்து சேர்ந்தது. 2022இல் அதே வளாகத்தில் 3.3 பெட்டாபிளாப் ஆற்றலுடைய 'பரம் பிரவேகா' இயங்கத் தொடங்கிற்று.

அதே ஆண்டு மே மாதம் திருச்சிராப்பள்ளியின் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 838 டெராபிளாப் ஆற்றல் வாய்ந்த கொத்து ஒன்று தொடங்கிவைக்கப்பெற்றது. தேசிய மீக்கணிப்பொறித் திட்டத்தின்கீழ் 19 கோடி ரூபாய்ச் செலவில், பெரும்பகுதி உள்நாட்டில் செய்த உறுப்புகளால் அமைந்தது அது. அதன் பெயர் 'பரம் பொருள்'. திருக்குறளின் இரண்டாம் பாலினின்றும் அப்பெயர் எடுக்கப்பெற்றது. செல்வம் என்பது அங்குக் கருதிய பொருள். ஆயின் சொல் வழியே அறியப்படுவதும் பொருள்தான். ஒரு காவியம் அமெரிக்கக் கொத்துக்குப் பெயர் தந்தது. வள்ளுவம் தமிழ்நாட்டுக் கொத்துக்குப் பெயர் தந்தது.

பெயர்ப்பலகைக்கு அப்பால்

இங்கே மகிழ்ச்சியோடு ஓர் ஐயமும் எழுகிறது. வாயிலில் உள்ள பெயர் தமிழ். உள்ளே பேசப்படும் மொழி எது? பெயர்ப்பலகையோடு தமிழ் நின்றுவிட்டால், அது விருந்தினரை வரவேற்கும் கோலமேயன்றி வீட்டில் உலையேறும் சோறாகாது.

கலைச்சொல் ஆக்கியோர் தம் கடமையில் தவறவில்லை. யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராயிருந்த மணவை முஸ்தபா தனியொருவராகக் கலைச்சொற் களஞ்சியங்களைத் தொகுத்தார். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராயிருந்த எழுத்தாளர் சுஜாதா, கணிப்பொறியைக் கதைபோல் தமிழர்க்குச் சொன்னார். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு விசைப்பலகையை நெறிப்படுத்திற்று. இவற்றால் விளைந்த சொற்களுள் சில வாழ்கின்றன, சில உருமாறின. 'செயலி' என்னும் சொல்லின் வரலாறு குறிப்பிடத்தக்கது. 1990களில் கணக்கிடும் சில்லுக்கு அது பெயராயிருந்தது. கைபேசி பரவியபின் மக்கள் அதனைக் கைபேசியில் இயங்கும் மென்பொருளுக்கு வழங்கலாயினர். அகராதி ஒரு பொருளுக்கு வைத்த சொல்லை வழக்கு வேறொரு பொருளுக்கு எடுத்துக்கொண்டது. இதனால் சொல் சாகவில்லை, வாழ்ந்தது. வழங்குவோர் உள்ள சொல்லே உயிருள்ள சொல்.

ஓசூரிலிருந்து விடியற்காலையில் எல்லை தாண்டி வேலைக்குச் செல்வோர் பலர். அவருட் சிலர் வண்டியின் மோதலையும் காற்றின் ஓட்டத்தையும் கணிப்பொறியில் ஆராயும் இளைஞர். மாலையில் வீடு திரும்பும் மகன், தான் நாள் முழுதும் என்ன செய்தான் என்பதைத் தேன்கனிக்கோட்டையிலோ சூளகிரியிலோ உள்ள தாய்க்குச் சொல்ல அவனிடம் சொல் இல்லை. "கம்ப்யூட்டர் வேலை" என்ற இரண்டே சொற்களில் அவன் அறிவு முழுதும் அடங்கிப் போகிறது. இழப்பு தாய்க்கு மட்டுமன்று. தன் தொழிலைத் தாய்மொழியில் எண்ணிப் பாராதவன் அதனைத் தன் ஊரின் தேவையோடு பொருத்திப் பார்க்கும் வாய்ப்பையும் இழக்கிறான்.

இக்குறையைக் களைவதில் புலவர்க்குப் பங்குண்டு. மேலே கண்ட சொற்களுள் ஒன்றேனும் புதிதாய்ப் பிறந்ததன்று. கொத்து தோட்டத்தினின்றும், கணு கரும்பினின்றும், இழை தறியினின்றும், வரிசை சந்தையினின்றும் வந்தன. அறிந்ததன் பெயரை அறியாததற்கு ஈதல் உவமை. உவமை புலவன் தொழில். கணிதம் வல்லாரைக் 'கணி' என்றும் 'கணியன்' என்றும் வழங்கிய மரபில் வந்த மொழி இது. சங்கப் புலவர் ஒருவர் பெயரிலேயே அச்சொல் நிலைபெற்றிருக்கிறது. இலக்கிய வட்டங்கள் ஆலையில் உழைப்போரையும் பொறியாளரையும் தம் அவைக்கு அழைத்து, அவர் தொழிலை அவர் வாய்மொழியால் கேட்டு, அதற்குச் சொல் தந்தால், 1916இல் தொடங்கிய பணி தொடர்ந்ததாகும்.

கரும்பு நடுவோர் முழுத்தண்டை நடுவதில்லை; கணு உள்ள கரணையாகத் தறித்தே நடுவர். முளை கணுவில்தான் உள்ளது. மண்ணில் ஊன்றி நீர் பாய்ச்சினால் அது தழைக்கும். ஊன்றாது அடுக்கி வைத்தால் உலரும். கலைச்சொல்லுக்கும் அதுவே நெறி.